கையைப் பிடிக்காதீங்க, கையைக் கொடுங்க!

பயணத்தில் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்த சின்னச் சின்ன உதவிகளைப் பற்றி எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்குமேல், உதவப் போய்த் தடுமாறியவர்கள் எழுதியவை. வந்த எல்லாக் கடிதங்களிலிருந்தும் ஐந்து.

கேள்வி: ரயிலிலிருந்து இறங்கும்போது வெள்ளைக் கோலுடன் நின்ற ஒரு பெரியவரின் கையைப் பிடித்து இறக்கிவிடப் போனேன். "விடுங்க தம்பி" என்று உதறிவிட்டார். எல்லாரும் பார்த்தார்கள். நான் செய்தது தவறா அம்மா? – கல்லூரி மாணவர்

உங்கள் மனசில் ஒரு குறையும் இல்லை தம்பி. பிடித்த விதம்தான் அவரைப் பதற வைத்திருக்கும். இதே பிழையை நானும் செய்திருக்கிறேன்.

வேலைக்காக மாதத்தில் பாதி நாள் ரயிலிலும் பேருந்திலும் கழித்த காலம் அது. ஒரு பேருந்து நிலையத்தில் பார்வையற்ற பெண் ஒருவரின் மேல்கையைப் பற்றி, அவரை முன்னே விட்டு நடத்திப் போனேன். நாலடி போனதும் நின்றுவிட்டார். "என் கையைப் பிடிக்காதீங்க, உங்க கையைக் கொடுங்க" என்றார். என் முழங்கைக்குச் சற்று மேலே விரல்களை லேசாக வைத்துக்கொண்டு, அரையடி பின்னால் நடந்து வந்தார். படிக்கட்டு வந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் காலைச் சரியான உயரத்துக்குத் தூக்கியிருந்தார். நான் ஏறியது என் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. நாம் அவர்களைப் பிடித்துத் தள்ளினால், எதிரே இருக்கும் பள்ளத்துக்கு அவர்கள்தான் முதலில் போகிறார்கள். கோல் பிடித்த கையையே பிடித்துவிட்டால், தடம் பார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போகிறது.

அதனால் முதலில் குரல் கொடுங்கள். "உங்கள் வலப் பக்கம் நிற்கிறேன், உதவி வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, நகர்ந்துவிடலாம். வேண்டும் என்றால் உங்கள் கையை நீட்டுங்கள். படி வந்தால் மேலேயா கீழேயா என்று சொல்லுங்கள். ரயில் வாசலில் கைப்பிடி எங்கே என்று காட்ட, அவர் கையை அதன்மேல் வைத்துவிட்டால் போதும், இறங்குவதை அவரே பார்த்துக்கொள்வார். விடைபெறும்போது "நான் கிளம்புகிறேன்" என்று சொல்லாமல் போகாதீர்கள். நீங்கள் நிற்பதாக நினைத்து அவர் பேசிக்கொண்டே இருப்பார். எனக்கு அதை நினைத்தாலே மனசு கேட்பதில்லை.

சக்கர நாற்காலிக்கும் இதேதான். கேட்காமல் தள்ளக் கூடாது. அப்புறம், எல்லாச் சிரமமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சூரியகாந்திப் பூப் போட்ட பச்சைப் பட்டையைச் சிலர் கழுத்தில் மாட்டியிருப்பார்கள். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர் என்று அதற்கு அர்த்தம். லண்டன் காட்விக் விமான நிலையத்தில் 2016-இல் தொடங்கிய பழக்கம், இப்போது பல நாட்டு விமான நிலையங்களில் இருக்கிறது. அந்தப் பட்டையைப் பார்த்தால் வரிசையில் அவசரப்படுத்தாதீர்கள்.

கேள்வி: கைக்குழந்தையோடு முதல்முறை விமானத்தில் போனேன். தரையிறங்கும் நேரம் முழுக்க அழுதான். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அடுத்த பயணத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. – இளம் தாய்

காது வலித்திருக்கும் அம்மா. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதைப் போலக் குறைந்திருக்கும். இறங்க இறங்க அது கூடும். காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் திறந்தால்தான் இரு பக்கமும் சமமாகும். நாம் எச்சில் விழுங்கிக்கொள்வோம், கொட்டாவி விடுவோம். குழந்தைக்கு அது தெரியாது, குழாயும் சின்னது. விமானம் இறங்கத் தொடங்கியதும் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க வலி குறையும்.

பக்கத்து சீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தாய்க்கு யோசனை சொல்லாதீர்கள். "பரவாயில்லைம்மா, குழந்தைன்னா அழத்தான் செய்யும்" என்று சொல்லுங்கள். மடியில் குழந்தை, இடுப்பில் பெல்ட், அவரால் குனிய முடியாது. கீழே உருண்ட பால்புட்டி மூடியை எடுத்துக் கொடுங்கள்.

கேள்வி: உதவ ஆசைதான். ஆனால் எப்போதும் ரயிலைப் பிடிக்கிற ஓட்டம். கண்ணெதிரே ஒருவர் தடுமாறினாலும் தாண்டிப் போய்விடுகிறேன். – அலுவலக ஊழியர்

உங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசலில் சுருண்டு கிடந்து இருமினார். அதற்காகவே ஏற்பாடு செய்யப்பட்டவர். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஏதாவதொரு விதத்தில் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். இத்தனைக்கும் அவர்களில் பாதிப் பேர் பேசப் போனதே, வழியில் அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவிய பைபிளின் நல்ல சமாரியன் கதையைப் பற்றி!

இதைப் படித்த பிறகு, ரயில் நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் போய்விடுகிறேன். பெரிய மனமாற்றம் எதுவும் தேவைப்படவில்லை, அடுத்தவர் சிரமம் கண்ணில் படுவதற்கு நேரம் கிடைத்தது. நிஜமாகவே நிற்க முடியாத நாளில், கூட்டத்தில் ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, இவங்க பையைக் கொஞ்சம் பிடிங்க." பொதுவாகச் சொன்னால் ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

கேள்வி: இடம் மாற்றிக் கேட்டால் கட்டாயம் கொடுக்க வேண்டுமா? – இல்லத்தரசி

வேண்டியதில்லை. முடிந்தால் கொடுங்கள், முடியாவிட்டால் சிரித்த முகத்தோடு "மன்னிக்கணும்" என்று சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம். கேட்பவர், தன்னுடையதைவிட மோசமான இடத்தை மற்றவர் தலையில் கட்டக் கூடாது.

கேள்வி: மொழி தெரியாத பயணிகள் வழி கேட்டால் எப்படிச் சொல்வது? – ஓய்வுபெற்ற ஆசிரியர்

சத்தமாகப் பேசினால் புரியும் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம் ஐயா, புரியாது. பேருந்து எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள். சரியாகத் தெரியாவிட்டால், தெரியாது என்று தலையாட்டிவிடுங்கள். தப்பான வழியில் ஒருவரை அரை மணி நேரம் நடக்க விடுவதைவிட அது மேல்.

எனக்கு ஒரு சொல்கூடத் தெரியாத ஊரில், இரவு நேரப் பேருந்தில், இறங்க வேண்டிய இடத்தின் பெயர் எழுதிய தாளைப் பக்கத்தில் இருந்த பாட்டியிடம் காட்டினேன். வாங்கி, விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, என் மடியிலேயே வைத்தார். பதற்றத்தில் நான் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து எட்டிப் பார்ப்பேன். அவர் என் மணிக்கட்டைத் தொட்டு உட்கார வைப்பார். அவருடைய இடம் எனக்கு முன்பே வந்துவிட்டது. இறங்கினவர் ஜன்னலோரம் வந்து நின்று கண்ணாடியைத் தட்டினார். மூன்று விரல்களைக் காட்டினார். நான் பதிலுக்கு மூன்று விரல் காட்டும் வரை அங்கேயே நின்றார்.

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் மூன்றாவதில் இறங்கினேன்.