ஞாயிற்றுக்கிழமை பார்த்த வீடு: வாடகைக்காரர்களின் இரைச்சல் கேள்விகள்

அட்வான்ஸ் தகராறுக்கு அடுத்தபடியாக இந்தப் பகுதிக்கு அதிகம் வரும் கேள்வி இரைச்சல் பற்றியது. சொந்த வீட்டுக்காரர் என்றால் மதிலருகே நின்று சண்டை போடுவார். வாடகைக்கு இருப்பவரோ ‘வந்த இடத்தில் எதற்கு வம்பு’ என்று காதில் பஞ்சை அடைத்துக்கொள்கிறார். இந்த முறை அவர்களுடைய கேள்விகள் மட்டும்.

கேள்வி: நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் கீழே இருக்கிறார். எங்கள் படுக்கையறைக்கு நேர் கீழே தண்ணீர் மோட்டார். தினமும் அதிகாலை நான்கரை மணிக்குப் போடுகிறார். கட்டில் அதிர்கிறது. கேட்டால், “தண்ணி வேண்டாமா?” என்கிறார். தீர்வு கிடைக்கும் வரை வாடகையில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாமா?

பதில்: பிடிக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டத்தில், இரண்டு மாத வாடகை பாக்கி என்பது உங்களை வெளியேற்றக் கேட்பதற்கு ஒரு காரணம். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்தக் காரணத்தை நீங்களே எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

‘கட்டில் அதிர்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலேயே பாதி விடை இருக்கிறது. இந்தச் சத்தம் காற்று வழியாக வரவில்லை. மோட்டார் உட்கார்ந்திருக்கும் மேடை, சுவரோடு இறுக்கிப் பிடித்த குழாய் இரண்டின் வழியாகக் கட்டடத்துக்குள் ஏறி வருகிறது. ஜன்னலை அடைத்தாலும் கனமான திரை போட்டாலும் குறையாது. மோட்டாருக்கு அடியில் கனமான ரப்பர் துண்டுகள், மோட்டாரும் குழாயும் சேரும் இடத்தில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ், சுவரில் குழாயைப் பிடிக்கும் கிளாம்புக்குள் ரப்பர் பட்டை: இவ்வளவுதான் வைத்தியம். ரப்பர் பால் வடிக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் துண்டுக்கா பஞ்சம்? ‘ஙொய்’ என்ற ஊளை கேட்டால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அணைக்கும்போது ‘தட்’ என்று குழாய் அடித்தால் வால்வைப் பார்க்க வேண்டும். ஒரு பிளம்பரும் ஒரு எலக்ட்ரீஷியனும் வந்தால் அரை நாளில் முடிகிற வேலை.

நேரத்தைப் பற்றியும் பேசுங்கள். மாநகராட்சித் தண்ணீர் அதிகாலையில் வருகிறது என்பார். வரட்டும், அது தரைத்தொட்டியில் தானாக விழும். தரைத்தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்கு ஏற்றும் வேலையை ஆறரை மணிக்குச் செய்யலாம், முந்தின இரவு ஒன்பது மணிக்கும் செய்யலாம். தெருக்குழாயிலேயே நேரடியாக மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார் என்றால் அது தனிக் கதை. அப்படிப்பட்ட மோட்டாரை மாநகராட்சி ஆட்கள் கண்டால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தச் சீட்டு உங்கள் கையில் இருக்கட்டும், முதலில் வீச வேண்டாம்.

செலவு யாருடையது? வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையின்படி குழாய் மாற்றும் வேலை வீட்டுக்காரருடையது. டேப் வாஷர் மாதிரிச் சில்லறை வேலைகள் குடியிருப்பவருடையவை. ஆனாலும் “ரப்பர் செலவு எங்களோடது அண்ணாச்சி, நீங்க ஆளை மட்டும் கூப்பிடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய்க்காக யாரும் மறுப்பதில்லை. வாடகைக்காரர் சொல்லி நான் செய்வதா என்பதுதான் உள்ளே இருக்கும் முள். நேரில் பேசிய பிறகு, பேசியதை வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதியும் அனுப்பிவிடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால், வாடகைக்கு விட்ட வீட்டில் குடியிருப்பவர் இடையூறின்றி இருக்க வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்திலேயே, 108-ஆம் பிரிவில், இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்தியோடு ஒரு வழக்கறிஞர் கடிதம் போனால் பெரும்பாலும் அசைவு இருக்கும். கோபத்தில் அவர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அது சட்டமீறல்; உடனே வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்து மூன்று வருடத்துக்கு ஒரு வீட்டை ஒத்திக்கு (போக்கியத்துக்கு) எடுத்தேன். பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை ஊரே அமைதியாக இருந்தது. குடிவந்த பிறகுதான் அடுத்த மனையில் இரும்புப் பட்டறை இருப்பது தெரிந்தது. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை கட்டிங் மெஷினும் சுத்தியலும். பணத்தைத் திருப்பிக் கேட்டால், காலம் முடியட்டும் என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: மார்த்தாண்டத்தில் ஞாயிற்றுக்கிழமை வீடு காட்டுகிறவர் விவரமானவர். அன்று பட்டறையும் திறக்காது, கடையும் திறக்காது.

முதலில் உங்கள் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் வாடகை அல்ல, ஒருவகை அடமானம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட தொகை என்றாலே இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்திருக்க வேண்டும். நம் பக்கத்தில் பாதிப் பேர் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு சரி. ஐந்து லட்சத்தை நம்பி அந்தத் தாளை மட்டும் வைத்திருந்தால், பட்டறைச் சத்தத்தைவிட அதுதான் பெரிய கவலை. ‘இடையில் காலி செய்தால் இத்தனை மாதத்தில் பணம்’ என்ற வரி பத்திரத்தில் இருந்தால் அதைப் பிடித்துக் கேட்கலாம். இல்லையென்றால், காலத்துக்கு முன்பே பணத்தைக் கொடு என்று சட்டப்படி நெருக்குவது கடினம். பட்டறையை மறைத்தார் என்று வாதாடலாம்தான். ஆனால் திங்கட்கிழமை ஒருமுறை போயிருந்தால் தெரிந்திருக்குமே என்று எதிர்த் தரப்பு கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சிரமம்.

ஊர் வழக்கத்தில் இருக்கும் வழி எளிது. அடுத்த ஒத்திக்காரரை நீங்களே தேடிக் கொடுப்பது. அவர் பணம் வீட்டுக்காரர் கைக்கு வரும் அன்றே உங்கள் பணம் உங்கள் கைக்கு வர வேண்டும். காலையில் போய் இரவு திரும்பும் குடும்பத்துக்கு அந்த வீடு நன்றாகவே பொருந்தும். பட்டறை இருப்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

பட்டறை மீதான புகார் தனி. உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா என்று குழித்துறை நகராட்சியில் கேளுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45; வணிகப் பகுதியில் 65-ம் 55-ம். உங்கள் தெரு எந்த வகையில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் புகார் செய்ய விதி இடம் கொடுக்கிறது. செல்போன் செயலி காட்டும் எண் சான்றாக நிற்காது, ஒரு மதிப்பீட்டுக்கு மட்டும் உதவும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி, அவர்கள் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். தெருவில் நான்கு வீட்டார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால், பத்மநாபபுரம் சார் ஆட்சியரிடம் பொதுத்தொல்லை என்று மனுக் கொடுக்கலாம். பழைய 133-ஆம் பிரிவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 152-ஆக இருக்கிறது. ஆனால் பட்டறைக்காரரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டு, கட்டிங் மெஷினை மட்டும் அந்தப் பக்கச் சுவருக்கு மாற்ற முடியுமா என்று கேட்பதை இத்தனைக்கும் முன்னால் செய்யுங்கள். அவரும் அங்கே பிழைக்க வந்தவர்தான்.

கேள்வி: திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக வந்து, இரணியல் பக்கம் வாடகைக்கு இருக்கிறேன். ஒரு பக்கம் கோயில், ஒரு பக்கம் சர்ச். கொடை, திருவிழா, மார்கழி, கிறிஸ்துமஸ் என்று வருடத்தில் பாதி நாள் ஒலிபெருக்கி. என் ஜன்னலுக்கு எதிரே உள்ள மின்கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியிருக்கிறார்கள். வெளியூர்க்காரன் புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானது. 1982-ல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது. ஒலிபெருக்கிப் புகார் என்றால் காவல்துறையே நிதானமாக அடி வைக்கும். அதனால் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும், இங்கே அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் கூடாது. திருவிழாக் காலத்தில் பத்து மணியைப் பன்னிரண்டு வரை நீட்ட மாநில அரசு அனுமதிக்கலாம். அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. மார்கழியில் காலை நாலரை மணிப் பாட்டுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அனுமதி கொடுக்கும்போது கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி மட்டும் என்று காவல்துறை நிபந்தனை போடுவது வழக்கம். அடுத்தவர் அமைதியைக் குலைத்துத்தான் வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்ற கருத்தை 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சென்னையில் ஒரு குடியிருப்புச் சங்கமும் ஒரு கிறிஸ்தவ சபையும் மோதிய வழக்கில்.

இவ்வளவு பலம் கையில் இருந்தாலும் ‘கோயில் சத்தம்’ என்றோ ‘சர்ச் சத்தம்’ என்றோ ஒருபோதும் எழுதாதீர்கள். ‘இந்தக் கம்பத்தில் இருக்கும் இந்தக் குழாய் என் ஜன்னலைப் பார்த்து இருக்கிறது’ என்று மட்டும் எழுதுங்கள். திருவிழா தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, மைக் செட் கட்டும் ஆள் வரும்போதே, கமிட்டியில் ஒருவரைப் பார்த்து, வீட்டில் படிக்கிற பிள்ளையோ வயதானவரோ இருந்தால் அதைச் சொல்லி, குழாயைத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். பத்தில் எட்டு இடத்தில் திருப்பிவிடுவார்கள். விழா நடுவில், ஊரே கூடி நிற்கும்போது கேட்டால் கௌரவப் பிரச்சினையாகிவிடும். உங்களுக்குப் பதிலாக வீட்டுக்காரரைப் பேசச் சொல்வது இன்னும் நல்லது. அவர் வரி கொடுக்கும் உள்ளூர் ஆள், அவர் சொல்லுக்கு எடை உண்டு.

முடியவில்லையென்றால் நள்ளிரவில் 100 அல்லது 112. விதிப்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கும், டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிக்கும் உண்டு. திங்கட்கிழமை நாகர்கோவிலில் ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில், விழா இல்லாத மாதமாகப் பார்த்து மனுக் கொடுங்கள். இரண்டு இடத்துப் பெயரையும் ஒரே மனுவில் எழுதுங்கள். அப்போது யாரும் உங்களுக்குச் சாயம் பூச முடியாது. ஒரு மதத்தார் மீதான புகாரை இன்னொரு மதத்தின் சங்கத்தைப் பிடித்துக் கொடுக்க யாராவது ஆலோசனை சொன்னால், அந்த ஆளிடமிருந்து விலகி இருங்கள்.

கேள்வி: எங்கள் இரண்டு வயதுக் குழந்தை ஓடுகிறது, கீழே சத்தம் கேட்கிறது, அடுத்த மாதம் காலி செய்யுங்கள் என்கிறார் தக்கலை வீட்டுக்காரர். ஒப்பந்தம் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

பதில்: குழந்தை ஓடுவது தொல்லை ஆகாது. ஒப்பந்தக் காலத்துக்குள் அவர் வாயால் சொல்லி உங்களை அனுப்ப முடியாது. வாடகை நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். நாற்காலிக் காலுக்கு ரப்பர் மூடி, குழந்தை விளையாடும் இடத்தில் ஒரு கனமான பாய், விடியற்காலையில் தரையில் வைத்து எதையும் இடிக்காமல் இருப்பது, இவை உங்கள் பங்கு. அதற்கு மேல் அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஆசாரிப்பள்ளம் பக்கம் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறோம். மூன்று பேர் சேர்ந்து வீடு தேடுகிறோம். இரவுப் பணி முடிந்து பகலில்தான் தூங்க வேண்டும். புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கேட்கிறார், ‘ரொம்ப அமைதியான ஏரியா’ என்கிறார். எதைப் பார்த்து முடிவெடுப்பது?

பதில்: மேலே மார்த்தாண்டத்துக்காரர் எழுதியதைப் படித்திருப்பீர்கள். வேலைநாளில், நீங்கள் தூங்கப்போகும் நேரத்திலேயே போங்கள்; காலை பத்து மணிக்கு உள்ளே போய், ஜன்னலை அடைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசாமல் உட்காருங்கள்.

சட்டம் இரவுத் தூக்கத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. கட்டுமான இயந்திரங்களுக்குக்கூட இரவில்தான் தடை. பகலில் தூங்குகிறவருக்கு அதில் பெரிய பாதுகாப்பு இல்லை, ஆகவே வீட்டுத் தேர்வுதான் உங்கள் சட்டம். பக்கத்து மனை காலியாக இருந்தால் காற்றோட்டம் என்று மகிழாதீர்கள். அங்கே கல், கம்பி இறங்கியிருக்கிறதா, போர்வெல் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வீடு எழும்பினால் ஒரு வருடம் டைல்ஸ் கட்டர்தான் தாலாட்டு. மாவு மில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், டிப்பர் லாரி போகும் வழி, இவற்றையும் கவனியுங்கள். மொட்டை மாடியில் தகர ஷீட் போட்ட வீட்டின் மேல்தளம் வெயிலுக்கு நல்லது. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, மழை நாளில் பக்கத்தில் பேசுவதே கேட்காது. மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டரை அமைதிப் பகுதியாக அறிவிக்கலாம் என்று விதி இருக்கிறது. ஆம்புலன்ஸுக்கு அது தெரியாது.

முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: மோட்டார், ஜெனரேட்டர் ஓடும் நேரம், ஒரு மாத நோட்டீஸில் பிடித்தம் இல்லாமல் காலி செய்யும் உரிமை. அட்வான்ஸ், வேறு விதமாக ஒப்புக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்ப வர வேண்டும். ஒப்பந்தத்தை 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100-க்குப் பேசினால் போதும், ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டக்கூட ஆள் கிடைக்கும்.

புரோக்கர் விஷயம். வீட்டுக்காரரோடு வரும் வாடகைச் சண்டையை நுகர்வோர் ஆணையம் பொதுவாக எடுத்துக்கொள்ளாது. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் புரோக்கர் அப்படியல்ல, அவர் தருவது சேவை. ஐந்து லட்சம் வரையிலான புகாருக்கு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. ஆனால் ரசீது இல்லாமல் கையில் எண்ணிக் கொடுத்த பணத்தை அங்கே நிரூபிப்பது கடினம். பணத்தை வங்கிவழி அனுப்புங்கள். அதற்கு முன், “பகல்ல தூங்கணும்னு சொன்னோம், அமைதியான இடம்னு சொன்னீங்க, சரிதானே அண்ணா?” என்று வாட்ஸ்அப்பில் கேட்டு, அவர் ‘ஆமா’ என்று எழுதும் வரை அனுப்பாதீர்கள்.