கீதை முடித்தும் கோபம் குறையவில்லை என்றால்

தினம் ஒரு அத்தியாயம் என்ற கணக்கை விடுங்கள். ஒரே சுலோகத்தில் ஒரு வாரம் நில்லுங்கள். 18 நாளில் கீதையை முடித்தும் கடையில் வருகிறவர்களிடம் எரிந்து விழுகிறேன் என்கிறீர்கள். 700 சுலோகமும் அந்த வேகத்தில் ஓடினால் நாக்குதான் பழகும்.

ஆறாம் அத்தியாயம், 26-ஐ எடுங்கள். மனம் எங்கெங்கே ஓடுகிறதோ அங்கிருந்து திருப்பிக் கொண்டுவா என்கிறது. ஓடாத மனம் வேண்டும் என்று கேட்கவே இல்லை, கவனியுங்கள். காலையில் கோட்டை அகழிப் பக்கம் உட்கார்ந்து படியுங்கள் (நம்ம வேலூர் வெயில் ஏறுவதற்குள்!). அப்புறம் இரவில் ஒன்றை மட்டும் குறியுங்கள்: வார்த்தை வெளியே வருமுன் எரிச்சலை எத்தனை முறை பிடித்தீர்கள்? முதல் வாரம் பூஜ்யம் வரலாம். எனக்கு வந்தது.

தூக்கம் கெட்டு வரும் எரிச்சல் என்றால் சுலோகம் போதாது, டாக்டரைப் பாருங்கள்.