தோட்டாவைக் கையால் நிரப்ப செட் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் .30-06 ரைஃபிள் இருக்கிறது. அடுத்த சீசனில் முதல்முறையாக எல்க் (பெரிய மான்) வேட்டைக்குப் போகிறேன். தோட்டாவை நாமே நிரப்பினால் செலவு பாதியாகும் என்கிறார் நண்பர். அவருக்குத் தெரிந்தவர் பிரஸ் (தோட்டாவை அழுத்திச் சேர்க்கும் கருவி), டை (அதில் மாட்டும் அச்சு), தராசு, ஒரு பை சுட்ட பித்தளைக் கூடு, பாதி டப்பா பவுடர் (வெடிமருந்து) எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விலைக்குத் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுடுகிறீர்கள் என்று எழுதவில்லையே, முடிவு அதில்தான் இருக்கிறது. கூடு, ப்ரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், குண்டு (முனையிலிருந்து பறந்து போவது) என்று நாலும் சேர்ந்ததுதான் தோட்டா, அதில் திரும்பப் பயன்படுவது கூடு மட்டும். மற்ற மூன்றையும் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வருஷத்துக்கு இரண்டு மூன்று பெட்டி சுடுகிறவருக்குக் கருவிக்குப் போட்ட பணம் திரும்ப வெகுகாலம் ஆகும். அடிக்கடி ரேஞ்சுக்குப் போய்ப் பழகுகிறவர் என்றால் சரி, தாராளமாக இறங்கலாம்.

நீங்கள் முதல்முறை போகிறவர். அந்தப் பணத்தை நல்ல குண்டு போட்ட ஃபேக்டரி தோட்டாவில் போடுங்கள். பெரிய மிருக வேட்டையில் குண்டின் கட்டமைப்புதான் முக்கியம். 1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போன அமெரிக்கர் ஜான் நோஸ்லர், தன் குண்டு ஆழமாக இறங்காமல் மேலேயே சிதறிப்போவதைப் பார்த்துத்தான் நடுவில் செப்புத் தடுப்பு வைத்த 'பார்ட்டிஷன்' குண்டை உருவாக்கினார். முன்பாதி விரியும், பின்பாதி சிதையாமல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஈயமே இல்லாமல் முழுக்கச் செம்பில் செய்த 'பார்ன்ஸ் எக்ஸ்' குண்டு 1989-ல் வந்தது. இந்த மாதிரிக் குண்டு போட்ட தோட்டா கடையிலேயே கிடைக்கும்போது, மிருகம் அடிபட்டு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து வதைபடாமல் இருக்க, பெட்டிக்குக் கொஞ்சம் அதிகம் கொடுப்பது பெரிய விஷயமே இல்லை.

இல்லை, நிரப்பியே தீருவேன் என்றால் அந்த செட்டைப் பிரித்துப் பாருங்கள். பிரஸ் கனமான இரும்பு, விரிசலும் ஆட்டமும் இல்லையென்றால் பழையது போதும். தராசைச் சோதனை எடைக்கல் வைத்துப் பார்க்காமல் நம்பாதீர்கள், ஏனென்றால் பவுடரை அளப்பது கிரெய்னில், ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன். திறந்த பவுடர் டப்பா இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் பெயர்தான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

கூடுகள் எத்தனை தடவை சுடப்பட்டவை என்று கேளுங்கள். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளபளப்பான கோடு தெரிந்தால், ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, உள்சுவரில் அடிவரை உரசிப் பாருங்கள். ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்குவது போல் தட்டினால் பித்தளை அங்கே தேய்ந்துபோயிருக்கிறது, அடுத்த சூட்டில் அறுந்து சூடான வாயு உங்கள் முகத்தை நோக்கி வரலாம். தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம், பவுடர் அளவை நண்பரிடம் கேட்டு எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரே 180 கிரெய்ன் எடை என்றாலும் செம்புக் குண்டு ஈயக் குண்டைவிட நீளம், அதனால் அழுத்தம் மாறும். அந்தக் குண்டுக்கென்றே தயாரிப்பாளர் வெளியிட்ட கையேட்டை வாங்கி, அதில் போட்டிருக்கும் தொடக்க அளவிலிருந்து ஆரம்பியுங்கள். விற்கிறவர் ஏற்கெனவே நிரப்பி வைத்த தோட்டாக்களைச் சும்மா தந்தால் வாங்கவே வாங்காதீர்கள். கையால் நிரப்பிய தோட்டாவால் ரைஃபிளுக்குச் சேதம் வந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல கம்பெனிகள் எழுதியே கொடுக்கின்றன, உங்கள் ரைஃபிளோடு வந்த தாளையும் எடுத்துப் படித்துவிடுங்கள்.