குவாத்தமாலா மலைநாட்டில் பத்து நாள்: எப்படித் திட்டமிடுவது?

மலையேற்றமும் வேண்டும், அங்குள்ள மாயா பழங்குடி மக்களின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும், பத்து நாள் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு, அப்போது போங்கள்.

முதலில் அந்திகுவாவில் இரண்டு மூன்று நாள் தங்குங்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், உடம்பு பழகிக்கொள்ளும். அப்புறம்தான் 3,976 மீட்டர் உயர அகாதெனாங்கோ எரிமலை ஏற்றம். பாதை முழுக்க எரிமலைச் சாம்பல் மண். இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். இரவு மேலே கூடாரத்தில் தங்கினால், எதிரே ஃபுவேகோ எரிமலை நெருப்பைக் கக்குவதைப் பார்க்கலாம், அது மனம் வைத்தால். எரிமலை பக்கத்தில் இருக்கிறதே என்று கம்பளி உடையை விட்டுவிடாதீர்கள், குளிர் எலும்பைத் துளைக்கும். 2018-ல் ஃபுவேகோ வெடித்துப் பலர் இறந்தார்கள். வழிகாட்டி வேண்டாம் என்றால் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

பிறகு அதித்லான் ஏரி. மதியத்துக்கு மேல் ‘ஷோகோமில்’ காற்று கிளம்பி அலையடிக்கும், படகைக் காலையிலேயே பிடியுங்கள். கரையிலுள்ள சான் ஹுவானில் பெண்கள் பருத்தி நூலுக்குச் செடிகொடிகளால் சாயமேற்றி, இடுப்பில் கட்டிக்கொள்ளும் தறியில் நெய்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் அங்கேயே வாங்குங்கள். சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை வியாழனும் ஞாயிறும்தான், அதை வைத்து மற்ற நாட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்.