தண்ணி அழுத்தக் கணக்கு: டவுட் இருந்தா கேளுங்க

கேள்வி: தொட்டில 2 மீட்டர் உயரத்துக்கு தண்ணி நிக்குது, அடில அழுத்தம் எவ்ளோ சார்?

பதில்: ஆழம், அடர்த்தி, ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) மூணையும் பெருக்குங்க. 2 × 1000 × 9.8 = 19,600 பாஸ்கல். சென்டிமீட்டர்ல போட்டுட்டு விடை வரலன்னு வந்து நிக்காதீங்க.

கேள்வி: அதே கணக்குக்கு புக்ல 1,20,925னு இருக்கே?

பதில்: மேல இருக்கற காத்தோட அழுத்தம் 1,01,325, அதையும் கூட்டியிருக்காங்க. மொத்த அழுத்தம்னு கேட்டா கூட்டணும், கேஜ் அழுத்தம்னா, அதாவது தண்ணியோட அழுத்தம் மட்டும்னா, கூட்டக் கூடாது. கேள்விய ஒழுங்கா படிங்கப்பா.

கேள்வி: அடி அகலமா, மேல போகப் போக குறுகற பாத்திரம். தண்ணி கம்மியாதான பிடிக்கும், அப்ப அழுத்தமும் கம்மிதானே?

பதில்: இல்ல, உயரம் ஒண்ணுன்னா அழுத்தமும் ஒண்ணுதான், வடிவம் எப்டி வேணா இருக்கட்டும். அடித்தட்டு மேல விழற விசை உள்ள இருக்கற தண்ணியோட எடைய விட அதிகமாவே வரும், அது எங்கேருந்து வருதுன்னா, சாய்ஞ்ச சுவர தண்ணி மேல் பக்கமா தள்ளுது, சுவர் திருப்பி தண்ணிய கீழ அமுக்குது, அந்த அமுக்கலும் சேர்ந்துதான் அடிக்கு போகுது. மேல விரிஞ்ச பாத்திரத்துல உல்டா, கூடுதல் தண்ணிய சுவரே தாங்கிக்கும்.

கேள்வி: அப்ப தராசுல வச்சா எடை கூடக் காட்டுமா?

பதில்: சூப்பர் கேள்வி! காட்டாது. அடி கீழ அமுங்கற அதே நேரம் சாய்ஞ்ச சுவர் மேல தள்ளப்படுதுல்ல, ரெண்டையும் கழிச்சா சரியா தண்ணியோட எடைதான் மிஞ்சும். இத பாத்துதான் பல பேர் குழம்பிப் போறாங்க.

கேள்வி: பக்கச் சுவர் மேல விசை எப்டி போடறது அண்ணா? அகலம் 2 மீட்டர், தண்ணி 1 மீட்டர்.

பதில்: மேல சைபர், அடில 9,800, அதனால சராசரி 4,900. பரப்பு 2 சதுர மீட்டரால பெருக்குனா 9,800 நியூட்டன். ஆனா அது நடுவுல செயல்படுதுன்னு எழுதிடாதீங்க தம்பி, கீழ போகப் போக அழுத்தம் கூடுதுல்ல, அதனால அடிலேருந்து மூணுல ஒரு பங்கு உயரத்துலதான் வரும், மார்க் போறதே இங்கதான்.

கேள்வி: தண்ணி 1 மீட்டர், அதுக்கு மேல அரை மீட்டர் எண்ணெய் மிதக்குது, எண்ணெயோட அடர்த்தி 800. அடில அழுத்தம் எவ்ளோ?

பதில்: தனித்தனியா போட்டு கூட்டுங்க. 3,920 + 9,800 = 13,720 பாஸ்கல். சராசரி அடர்த்தி எடுக்கறேன்னு கிளம்பி 900 போடாதீங்க, ரெண்டு அடுக்கும் ஒரே உயரமா இருந்தாதான் அது செட் ஆகும்.

கேள்வி: லிஃப்ட்ல வாளியோட மேல போனா?

பதில்: லிஃப்ட் வேகம் எடுக்கற வரைக்கும் ஜியோட அந்த முடுக்கத்தையும் கூட்டிக்கோங்க. ஒரே சீரான வேகத்துக்கு வந்துட்டா பழைய விடையேதான்.