இங்கிலாந்து ஆண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்து கோப்பை வெல்லாத கேரத் சவுத்கேட்டை நல்ல பயிற்சியாளர் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். 2016 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளுக்கான கால்பந்துப் போட்டி) ஐஸ்லாந்திடம் தோற்று நொந்துபோயிருந்த இங்கிலாந்து அணியைத்தான் அவர் அதே ஆண்டு கையிலெடுத்தார். உலகக் கோப்பையில் அதுவரை சமநிலையில் முடியும் ஆட்டத்துக்கு முடிவு சொல்லும் பெனால்டி ஷூட் அவுட் ஒன்றைக்கூட வென்றிராத அணி அது. 2018இல் கொலம்பியாவை ஷூட் அவுட்டில் வீழ்த்தியதும் அந்தப் பயம் விலகியது. அந்த முறை அரையிறுதி, அப்புறம் அடுத்தடுத்து இரண்டு யூரோ இறுதிப் போட்டிகள். 1966க்குப் பிறகு ஆண்கள் அணியை இவ்வளவு தூரம் கொண்டுபோனவர் வேறு யாருமில்லை.

சரி, குறை என்ன? முன்னிலை பெற்றதும் அணி பின்வாங்கிவிடும். 2018 அரையிறுதியில் குரோஷியாவுக்கு எதிராக 5ஆவது நிமிடத்திலேயே கோல், 2021இல் இத்தாலிக்கு எதிரான இறுதிப் போட்டியில் 2ஆவது நிமிடத்திலேயே கோல். இரண்டிலும் அதைக் காக்கப் பார்த்தே தோற்றார்கள். ஆட்டத்தின் நடுவே ஆட்களை மாற்ற அவர் தயங்கியதையே நான் முக்கியக் காரணமாகப் பார்க்கிறேன்.