மழலையர் பள்ளியில் சேரும் முன்: பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மகனுக்கு மூன்றரை வயது. இன்னும் ஓர் எழுத்துகூட எழுத வரவில்லை. பள்ளி திறப்பதற்குள் பழக்கிவிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகள் 3 வயதளவில் வட்டத்தையும், 4 வயதளவில் கூட்டல் குறியையும் பார்த்து வரைவார்கள். சாய்கோடுகள் கொண்ட முக்கோணம் கைவருவதற்கு ஏறத்தாழ 5 வயதாகும். அதற்கு முன்பே சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகளைக் கையைப் பிடித்து எழுத வைத்தால், பென்சிலைக் கண்டாலே குழந்தைக்கு வெறுப்பு வந்துவிடும். மாவு பிசைவது, காகிதத்தைக் கிழித்து ஒட்டுவது, துணி கிளிப்பை அழுத்தித் திறப்பது போன்றவை விரல்களுக்கு வலுவூட்டும். இப்போதைக்கு அதுவே போதும்.

எழுத்தைவிட அவசரமான வேலைகள் வேறு இருக்கின்றன. புதிய சாப்பாட்டு டப்பாவை வாங்கியதும் அவன் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் இறுகப் பூட்டிக்கொள்ளும் மூடி பெரியவர்களுக்குத்தான் வசதி. பசியோடு அதனுடன் மல்லுக்கட்டும் குழந்தை உதவி கேட்கக் கூச்சப்பட்டு, அப்படியே மூடி வைத்துவிடும். தண்ணீர்ப் புட்டியைத் திறப்பது, காலணியைத் தானே மாட்டுவது, 'எனக்கு உதவி வேண்டும்' என்று வாய்விட்டுக் கேட்பது ஆகியவற்றை இப்போதே பழக்குங்கள்.

கேள்வி: மகள் என்னை விட்டு ஒரு நொடியும் இருக்க மாட்டாள். அவள் பார்க்காத நேரத்தில் நழுவி வந்துவிடலாம் என்கிறார் என் மாமியார். சரியா?

பதில்: அன்றைய அழுகையைத் தவிர்க்க அது உதவலாம், ஆனால் கண்ணை எடுத்தால் அம்மா காணாமல் போய்விடுவாள் என்ற பயம் ஒட்டிக்கொண்டால், மறுநாள் முதல் உங்கள் புடவையை விடவே மாட்டாள். சொல்லிவிட்டே கிளம்புங்கள், ஆனால் சுருக்கமாக. ஒரு முத்தம், ஒரு கையசைப்பு, பிறகு திரும்பி வந்து எட்டிப் பார்க்கக் கூடாது. இந்த வயதில் மணிக்கணக்கு புரியாது என்பதால், 'சாப்பிட்டு, கதை கேட்டு முடித்ததும் வந்துவிடுவேன்' என்று அவள் நாளின் நிகழ்வுகளைக்கொண்டே நேரத்தைச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வாசலில் நில்லுங்கள். பள்ளி தொடங்கும் முன்பே, அவளுக்குப் பழக்கமான ஒருவரிடம் அரை மணி நேரம் விட்டுச் சென்று திரும்பும் ஒத்திகை நல்லது. நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பல குழந்தைகள் சில நிமிடங்களில் விளையாடப் போய்விடுவார்கள், அழுதுகொண்டிருப்பது வாசலில் நிற்கும் நாம்தான்.

கேள்வி: கழிவறைப் பழக்கம் இன்னும் முழுமையாக வரவில்லை.

பதில்: பள்ளியின் விதியை முதலில் கேட்டறியுங்கள். பொத்தான், பெல்ட் இல்லாத, இடுப்பில் எலாஸ்டிக் வைத்த உடை போதும். புதிய கழிவறைக்குப் பயந்து அடக்கிக்கொள்ளும் குழந்தைக்கு மலச்சிக்கல் வரக்கூடும். முதல் நாளே அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பள்ளியில் சமர்த்தாக இருக்கிறான் என்கிறார்கள், வீட்டுக்கு வந்ததும் ஒரே ரகளை. ஏன்?

பதில்: வரிசையில் நிற்பதும் பொம்மையைப் பங்கிடுவதும் சிறு குழந்தைக்குப் பெரிய உழைப்பு. அங்கே அடக்கி வைத்ததை நம்பிக்கையான இடத்தில் கொட்டுகிறான். வந்தவுடன் 'இன்று என்ன படித்தாய்?' என்று குடையாமல், ஏதாவது சாப்பிடக் கொடுத்துச் சற்றுநேரம் சும்மா விடுங்கள். 3 முதல் 5 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. அது குறைந்தாலும் மாலையில் ரகளைதான்.

கேள்வி: வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி. குழந்தை அங்கே வாயே திறப்பதில்லை. வீட்டிலும் பள்ளி மொழிக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். புதிய மொழியில் பேசத் தொடங்கும் முன் சில மாதங்கள்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் குழந்தைகள் உண்டு. வீட்டு மொழியின் வளம் இரண்டாவது மொழிக்கும் கைகொடுக்கும். ஆனால் வீட்டில் சரளமாகப் பேசும் குழந்தை, அதே மொழி தெரிந்தவர்களிடமும் பள்ளியில் முதல் மாதம் கழிந்த பிறகும் பேச மறுத்தால், கூச்சம் என்று ஒதுக்காமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டுங்கள்.